புடலை

புடலை அல்லது புடல் என்பது வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த, வெப்பமண்டலத்துக்குரிய ஓர் ஏறுகொடியாகும். இதன் இளங்காயான புடலங்காய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றாடச் சமையலில் இடம்பெறும் காய்கறிகளுள் ஒன்று. பாம்பைப் போல் நீண்டு தொங்கும் காய்களும், விளிம்பெங்கும் வெண்ணிற இழைகள் பிரிந்து நிற்கும் பூக்களும் இக்கொடியின் சிறப்பு அடையாளங்கள். பூக்கள் இரவில் மலர்பவை. ஆதலால் காயை நன்கறிந்தவர்களிலும் பலர் பூவை முழுமையாக விரிந்த நிலையில் கண்டிருப்பதில்லை. புடலை ஒரு பருவப் பயிராகும். விதைத்து ஏறத்தாழ ஐந்து மாதங்களில் கொடியின் வாழ்வு முடிந்துவிடும்.

வெயில், நீர், படர ஒரு பந்தல் ஆகிய மூன்றும் இருந்தால் இக்கொடி தழைத்து வளரும். எனினும் வீட்டுத் தோட்டங்களில் இதை வளர்ப்போர் இரண்டு குறைகளை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். ஒன்று, பூக்கள் நிறைய வந்தும் காய் பிடிக்காமை. மற்றொன்று, சேமித்த விதையிலிருந்து வளர்ந்த கொடியின் காய் கசத்தல். இவ்விரண்டும் தொடர்பற்றவை போல் தோன்றினாலும் இரண்டும் பெரும்பாலும் இரவில் நிகழும் மகரந்தச் சேர்க்கையையே சார்ந்தவை.

பெயர்

தமிழில் கொடி புடலை, புடல் என்றும், காய் புடலங்காய் என்றும் வழங்கப்படுகின்றன. மலையாளத்தில் படவலம், கன்னடத்தில் படவலகாயி, தெலுங்கில் பொட்லகாய, சிங்களத்தில் பத்தோல, இந்தியில் சிச்சிண்டா என்பன இதன் பெயர்கள். ஆங்கிலப் பெயரின் பொருள் 'பாம்புச் சுரை' என்பதாகும்.

இதன் தாவரவியல் பெயர் டிரைக்கோசாந்தஸ் குக்குமெரினா. பேரினப் பெயர் 'மயிர்', 'பூ' எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது; இழை இழையாகப் பிரிந்த இதழ் விளிம்பைக் கண்டு இட்ட பெயர். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் காட்டுப் புடலையும் நாட்டுப் புடலையும் வெவ்வேறு இனங்கள் எனக் கொண்டு தனித்தனிப் பெயர்களிட்டார். பின்வந்த தாவரவியலாளர்கள் இரண்டும் ஒரே இனம் எனக் கண்டு, தோட்டங்களில் பயிராகும் நீள்காய் வடிவத்தை அவ்வினத்தின் ஒரு வகையாக மட்டும் கொண்டனர். அவ்வகைக்குரிய 'அங்குவினா' என்ற பெயருக்குப் பாம்பு போன்றது என்பது பொருள். இவ்வகைப்பாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஒரே இனம் என்பதால் காட்டுக் கொடியும் தோட்டக் கொடியும் தமக்குள் எளிதில் கலக்கும். இதன் விளைவு கீழே விளக்கப்படுகிறது.

வடமொழி மருத்துவ நூல்களில் வரும் 'படோலம்' என்ற பெயர் குழப்பத்திற்கு இடமளிப்பது. வட இந்தியாவில் அது பெரும்பாலும் பர்வல் எனப்படும் மற்றொரு டிரைக்கோசாந்தஸ் இனத்தைக் குறிக்கிறது. பர்வல் பல்லாண்டுக் கொடி. அதில் ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனி. விதையை விடக் கொடித்துண்டாலேயே அது பெருக்கப்படுகிறது. கேரளத்தில் அதே பெயரில் காட்டுப் புடலையும் பயன்படுத்துகின்றனர். எனவே பழைய நூலொன்றில் படோலத்தின் குணங்களைப் படிப்பவர், அது சந்தையில் விற்கும் புடலங்காயைப் பற்றியதென உடனே கொள்ளுதல் கூடாது.

பேச்சுத் தமிழில் 'பெரிய புடலங்காய்' என்பது ஒன்றை மதிப்பற்றதெனத் தள்ளும் தொடராகவும் வழங்குகிறது. காயின் தவறு அதில் ஏதுமில்லை.

தாவர இயல்பு

புடலையின் தண்டு மெல்லியது. நீளவாக்கில் வரிப்பள்ளங்களும் நுண்மயிர்களும் கொண்டது. கொடி 5 முதல் 6 மீட்டர் வரை படரும். இலைகள் உள்ளங்கை வடிவில் மூன்று முதல் ஏழு மடல்களாகப் பிரிந்திருக்கும். கசக்கினால் விரும்பத்தகாத மணம் வீசும். இலைக்கணுவிலிருந்து எழும் பற்றுக்கம்பிகள் நுனியில் இரண்டாகவோ மூன்றாகவோ கிளைத்து, தொட்ட பொருளைச் சுற்றிக்கொள்ளும். மொத்தமான கம்பத்தைப் பற்றுக்கம்பியால் சுற்ற இயலாது. கொடியைத் தொடக்கத்தில் மெல்லிய குச்சி அல்லது சணல் கயிற்றில் ஏற்றுவது இதனால்தான்.

ஒரே கொடியில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனியே தோன்றும். ஆண் பூக்கள் நீண்ட காம்புள்ள கொத்தாக வரும். கொத்தில் பல மொட்டுகள் இருந்தாலும் ஓர் இரவில் ஒன்றோ சிலவோ மட்டுமே விரியும். பெண் பூ இலைக்கணுவில் தனித்து வரும். அதன் அடியில் மெல்லிய, மயிரடர்ந்த, சிறு காய் போன்ற சூலகம் நீண்டிருக்கும். பூ விரியும் முன்னரே இதைக்கொண்டு பெண் மொட்டை அடையாளம் காணலாம். முதலில் ஆண் பூக்களும் சில நாட்கள் கழித்துப் பெண் பூக்களும் தோன்றுவது இயல்பு. தொடக்கத்தில் வரும் பூக்கள் எல்லாம் உதிர்வதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அவை ஆண் பூக்கள், உதிரவேண்டியவை.

காய் உருளை வடிவில் நீண்டு, இரு முனைகளிலும் கூம்பி இருக்கும். நீண்ட வகைகளில் 1.5 மீட்டரைக் கடப்பதும் உண்டு. பச்சை நிறத்தில் வெண்கோடுகள் உடையனவும், முழுதும் வெண்பச்சையானவையும் உள்ளன. பழுத்தால் காய் செம்மஞ்சளாக மாறும். உள்ளே சிவந்த கூழில் அலைபோன்ற விளிம்புடைய தட்டையான, கடினத் தோல் கொண்ட விதைகள் இருக்கும். இத்தாவரத்தின் நிறப்புரி எண்ணிக்கை 22 ஆகும்.

இரவுப் பூவும் மகரந்தச் சேர்க்கையும்

வெள்ளரிக் குடும்பத்துக் கொடிகள் யாவும் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றின் மஞ்சள் பூக்கள் விடியலில் விரிந்து, பகலில் தேனீக்களால் மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன. பீர்க்கும் சுரையும் மாலையில் விரிகின்றன. புடலை இவற்றிற்கும் பிந்தியது. பொழுது சாய்ந்தபின் மொட்டு அவிழத் தொடங்கி, முன்னிரவில் முழுமையாக விரிகிறது. மொட்டினுள் சுருண்டு கிடந்த இழைகள் ஒவ்வொன்றாக நீண்டு, ஐந்து இதழ்களைச் சுற்றிலும் வெண்ணிற வலை போலப் பரவும். காலை வெயில் ஏறும்போது இழைகள் மீண்டும் சுருண்டு பூ வாடிவிடும். பகலில் தோட்டத்தைப் பார்ப்பவர் காண்பது இந்த வாடிய பூவையே.

வெண்மை நிறம், இரவு மணம், நீண்ட குழல், குழலின் அடியில் தேன் ஆகிய நான்கும் அந்துப்பூச்சிகளை ஈர்க்கும் பூக்களுக்குரிய இயல்புகள். குழலின் அடிவரை எட்டக்கூடிய நீண்ட உறிஞ்சுகுழல் பருந்து அந்துப்பூச்சிகளுக்கு உண்டு. இவை பூவின் முன் சிறகடித்து அந்தரத்தில் நின்றவாறே தேனை உறிஞ்சும்போது மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவின் சூல்முடியைச் சேர்கிறது. மகரந்தம் அதே கொடியின் ஆண் பூவிலிருந்து வந்தாலும் காய் பிடிக்கும். ஆனால் பெண் பூ விரியும் அதே இரவில் அருகில் ஓர் ஆண் பூவும் விரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கொடி வளர்க்கும் வீடுகளில் இந்தப் பொருத்தம் பல இரவுகளில் அமைவதில்லை. இரண்டு அல்லது மூன்று கொடிகள் வளர்ப்பின் இக்குறை நீங்கும்.

மகரந்தம் கிடைக்காத பெண் பூவின் சூலகம் சில நாட்களில் மஞ்சளாகி, சுருங்கி உதிரும். இதைக் காண்போர் உரக்குறை என எண்ணி யூரியா இடுவதும், நோய் என எண்ணி மாலையில் பூச்சிக்கொல்லி தெளிப்பதும் வழக்கம். முதலாவது செயலால் இலைகள் பெருகும். தழைச்சத்து மிகுந்தால் ஆண் பூக்களும் பெருகும். பெண் பூக்கள் குறையும். இரண்டாவது செயல் இன்னும் கேடானது: பூவை நாடி வரும் அந்துப்பூச்சியையே கொல்கிறது. குறை நீங்காததால் மறுபடியும் தெளிக்க நேர்கிறது. பந்தலுக்கு அருகில் இரவு முழுதும் எரியும் விளக்கும் அந்துப்பூச்சிகளின் போக்கைத் திருப்பிவிடக் கூடியது. அடுக்குமாடிக் கட்டடங்களின் மேல்தளங்களில் அந்துப்பூச்சிகளின் வரவே அரிது.

இத்தகைய இடங்களில் கையால் மகரந்தம் சேர்ப்பது உறுதியான வழி. இரவு எட்டு மணிக்குப் பின்னர், அன்று விரிந்த ஆண் பூவொன்றைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தப் பைகளைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவவேண்டும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். இரவில் இயலாதோர் விடியற்காலையில், பூ வாடும் முன் செய்யலாம். முற்பகலில் செய்வது பெரும்பாலும் பயன் தராது. பூசணிக்குக் காலை ஒன்பது மணிக்குக் கையால் மகரந்தம் சேர்த்துப் பழகியவர்கள் புடலைக்கும் அதே நேரத்தைக் கடைப்பிடித்து ஏமாறுவதுண்டு. சேர்க்கை நிகழ்ந்திருந்தால் நான்கைந்து நாட்களில் சூலகம் பசுமை குன்றாமல் நீளத் தொடங்கும்.

காட்டுப் புடலும் கசப்பும்

இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா வரை வேலிகளிலும் புதர்களிலும் காட்டுப் புடல் தானாக வளர்கிறது. தமிழில் இது பேய்ப்புடல் எனப்படும். இதன் காய் விரல் நீளத்திற்குள் அடங்கும் முட்டை வடிவச் சிறுகாய், கடுங்கசப்பு உடையது. கசப்பிற்குக் காரணம் குக்கர்பிட்டாசின் எனப்படும் சேர்மங்கள். வெள்ளரிக் குடும்பத்துத் தாவரங்கள் தம்மைத் தின்னும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ள இவற்றை உருவாக்குகின்றன. மனிதர் பல தலைமுறைகளாகக் கசப்பற்ற கொடிகளின் விதையையே தேர்ந்து விதைத்து வந்ததன் பயன் இன்றைய நாட்டுப் புடல்.

வேலியில் ஒரு பேய்ப்புடலும் தோட்டத்தில் ஒரு நாட்டுப் புடலும் இருந்தால், அந்துப்பூச்சி இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பேய்ப்புடலின் மகரந்தம் நாட்டுப் புடலின் பெண் பூவைச் சேர்ந்தால், அவ்வாண்டு விளையும் காயில் மாற்றம் ஏதும் தெரியாது. காயின் சதை தாய்க்கொடியின் திசுவால் ஆனது. அது தாயின் பண்பையே காட்டும். கலப்பு விதைக்குள் மட்டுமே இருக்கும். சுவையான காயிலிருந்து எடுத்த விதை என நம்பி அதை அடுத்த பருவத்தில் விதைத்தால், அக்கொடியின் காய்கள் கசக்கக்கூடும். இக்குடும்பத்தில் காட்டினத்தின் கசப்பு பொதுவாக ஓங்கு பண்பாக இருப்பதால், ஒரே ஒரு கலப்பே இதற்குப் போதுமானது. கடும் வறட்சி, வெப்பம் போன்ற இடர்களால் நல்ல வகைகளில் சிறு கசப்பு தோன்றுவதும் உண்டு.

கசக்கும் புடலங்காயைச் சமைத்து உண்ணலாகாது. குக்கர்பிட்டாசின்கள் வேகவைப்பதால் அழிவதில்லை. உப்பிட்டுப் பிழிந்தால் கசப்புச் சற்றுக் குறையலாம். நஞ்சு நீங்கிவிட்டதென அதைக் கொண்டு கூறமுடியாது. இவை மிகுந்த அளவில் உடலில் சேர்ந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரைப்பையில் குருதிக்கசிவு, குருதியழுத்த வீழ்ச்சி ஆகியன ஏற்படும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சுரைக்காயின் கசந்த சாற்றைப் பருகியதால் இந்தியாவில் உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. 2010ஆம் ஆண்டு தில்லியில் நிகழ்ந்த அத்தகைய இறப்பை அடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதனை ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. கசக்கும் சாற்றைக் குடிக்கவேண்டாம் என்பது அக்குழுவின் தெளிவான அறிவுரை. 'கசப்பு உடலுக்கு நல்லது' என்ற பொதுநம்பிக்கை இங்குப் பொருந்தாது. பாகற்காயின் கசப்பு அக்காய்க்கு இயல்பானது, புடலங்காயின் கசப்பு அவ்வாறன்று. சமைக்கும் முன் காயின் நுனியில் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுதல் நலம். கொடியின் எல்லாக் காய்களும் கசந்தால் கொடியையே அகற்றிவிடவேண்டும். அதன் மகரந்தம் அடுத்த கொடிகளுக்கும் செல்லும்.

வகைகள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் பல வகைகளை வெளியிட்டுள்ளன. கோ 1 வகையின் காய் 160 முதல் 180 செ.மீ. வரை நீளும்; கரும்பச்சையில் வெண்கோடுகள் உடையது. கோ 2 குட்டை வகை. வெண்பச்சை நிறக் காய் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமே உடையது. பெரியகுளத்திலிருந்து வந்த பிகேஎம் 1 செயற்கையாகத் தூண்டப்பட்ட மரபுப் பிறழ்வால் கிடைத்த நீள வகை. மதுரையின் எம்டியு 1 ஒரு கலப்பின வகை. அதன் பெற்றோருள் ஒன்று 'பன்றிப்புடல்' எனப்படும் குட்டைக் காய் வகை. கடலூர் மாவட்டம் பாலூரிலுள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையமும் புடலை வகைகளை வெளியிட்டுள்ளது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வகைகளுள் கௌமுதி, பேபி ஆகியன குறிப்பிடத்தக்கன.

நீளக் காய்க்கு உயரமான பந்தல் வேண்டும். பறித்தபின் மூட்டையில் அடைக்கும்போதும் ஒடியும். குட்டைக் காய் கூடையிலும் குளிர்பெட்டியிலும் எளிதில் அடங்கும். மாடித் தோட்டத்திற்குக் குட்டை வகையே ஏற்றது.

பயிரிடல்

தமிழ்நாட்டில் ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி ஆகியன விதைப்புக் காலங்கள். மணல் கலந்த, மட்கு மிகுந்த, நீர் தேங்காத மண் ஏற்றது. வயலில் 2.5 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில், நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 செ.மீ. உள்ள குழிகள் எடுக்கப்படுகின்றன. இக்கணக்கில் ஓர் எக்டேருக்கு 2000 குழிகள் அமையும். குழிக்கு 10 கிலோ தொழுவுரமும், தழை, மணி, சாம்பல் சத்துகள் 6:12:12 என்ற விகிதத்தில் கலந்த 100 கிராம் உரக்கலவையும் அடியுரமாகும். விதைத்த 30ஆம் நாளில் குழிக்கு 10 கிராம் தழைச்சத்து மேலுரமாக இடப்படுகிறது. இங்குத் தழைச்சத்து எனப்படுவது யூரியாவின் எடையன்று. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு என்பதால், 10 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் யூரியா வேண்டும்.

விதைத்தோல் கடினமானது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பின் விதைத்தால் முளைப்புச் சீராகும். குழிக்கு மூன்று முதல் ஐந்து விதைகளை 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, இரு வாரங்கள் கழித்து வலுவான இரு நாற்றுகளை விட்டு மற்றவற்றைக் களையவேண்டும். களையும்போது வேரோடு பிடுங்கினால் அருகிலுள்ள நாற்றின் வேரும் அறுபடும். மண்ணை ஒட்டிக் கிள்ளிவிடுதல் நன்று.

பெண் பூக்களின் விகிதத்தைக் கூட்ட, இரண்டு இலைப் பருவத்திலிருந்து வாரம் ஒருமுறையாக நான்கு முறை எத்ரெல் என்ற வளர்ச்சி ஊக்கி தெளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. இது தாவரத்தினுள் எத்திலீன் வாயுவை வெளிவிட்டுப் பெண் பூக்கள் தோன்றத் தூண்டுகிறது. பரிந்துரைக்கப்பட்ட செறிவு பத்து இலட்சத்தில் 100 பங்கு, அதாவது 10 லிட்டர் நீருக்குச் செயற்படு பொருள் 1 கிராம். கடையில் கிடைக்கும் கரைசல் 39 விழுக்காடாயின் அது சுமார் 2.5 மில்லிலிட்டராகும். அளவு மிகுந்தால் கொடியின் வளர்ச்சி குன்றும். மகரந்தம் சேரும் வழியில்லாத இடத்தில் பெண் பூக்களை மட்டும் கூட்டிப் பயனில்லை. ஆதலால் வீட்டுத் தோட்டத்திற்கு இது தேவையில்லை.

பந்தல் தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் அமைக்கப்படுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் கல்தூண்களில் கம்பி கட்டிய நிலையான பந்தல்களைக் காணலாம். ஒருமுறை அமைத்த பந்தலில் புடலை, பாகல், பீர்க்கு, பந்தல் அவரை என மாறி மாறிப் பயிரிடுவர். கொடி பந்தலை எட்டும் வரை பக்கக்கிளைகளைக் கிள்ளிவிட்டு, எட்டியதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் நாற்புறமும் படரும். காய் பந்தலின் மேற்புறத்தில் கிடந்தால் வளைந்து போகும். பிஞ்சாக இருக்கும்போதே கம்பிகளின் இடையே கீழே தொங்கவிட வேண்டும்.

நீளப் புடலின் நுனி சுருளும் இயல்புடையது. இதனைத் தடுக்கப் பிஞ்சின் நுனியில் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம். கல் காயை நீளச் செய்கிறது என்பது தவறான எண்ணம். நீளம் வகையைப் பொறுத்தது, கல் காயை நேராக மட்டுமே வைக்கிறது. கனமான கல்லைக் கட்டினால் பிஞ்சு அறுந்து விழும். நூலைக் காயின் சதையில் இறுக்காமல், நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவை ஒட்டித் தளர்வாக முடிவர்.

வாரம் ஒருமுறை பாசனம் பொதுவானது. பூக்கும் பருவத்தில் மண் காய்ந்தால் பிஞ்சுகள் உதிரும். தொட்டியில் வளர்ப்போர் 40 லிட்டருக்குக் குறையாத தொட்டியோ பையோ கொள்ளவேண்டும். கோடையில் தொட்டிக்கு நாள்தோறும் நீர் தேவைப்படும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். மாடிப் பந்தலைக் காற்று பெயர்க்காதவாறு உறுதியாகக் கட்டுவதும் அவசியம். இலை நிறைந்த பந்தல் பாய்மரம் போலக் காற்றை ஏந்தும்.

பூச்சிகளும் நோய்களும்

பெருஞ்சேதம் விளைப்பது பழ ஈ. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். புழுக்கள் சதையைத் தின்று காயை அழுகச் செய்யும். முற்றிய புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே தாக்குண்ட காய்களைப் பந்தலடியிலேயே விட்டுவிடுவது அடுத்த தலைமுறை ஈக்களை வளர்ப்பதாகும். அவற்றைச் சேகரித்து ஆழப் புதைக்கவோ, நெகிழிப்பையில் கட்டி வெயிலில் போட்டு அழிக்கவோ வேண்டும். கொடிகளின் அடிமண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும். ஆண் ஈக்களை ஈர்க்கும் கியூலூர் பொறிகள் கடைகளில் கிடைக்கின்றன. பழைய கையேடுகளில் கருவாட்டுப் பொடியுடன் டைகுளோர்வாஸ் கலந்த பொறி பரிந்துரைக்கப்பட்டிருக்கும். அம்மருந்து இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் இறுதியுடன் தடை செய்யப்பட்டுவிட்டதால் அக்குறிப்பைப் பின்பற்றலாகாது. பிஞ்சுக்குக் காகித உறை அல்லது மெல்லிய துணிப்பை இடுவது சில கொடிகள் மட்டும் வளர்ப்போருக்குப் போதிய காப்பாகும்.

புடலைக்கே உரியதெனச் சொல்லத்தக்க ஒரு பச்சைப்புழுவும் உண்டு. இது உடலை வளைத்து வளைத்து நடக்கும். இலையின் ஓரத்தை வெட்டி மடித்து, மடிப்பின் உள்ளே இருந்து தின்னும். மடிந்த இலைகளைப் பறித்து அழித்தால் போதும். நாற்றுப் பருவத்தில் சிவப்பு நிறப் பூசணி வண்டு விதையிலைகளைத் துளைக்கும். புள்ளிகள் உடைய ஆமை வண்டும் அதன் மஞ்சள் புழுவும் இலையின் பசுமையைச் சுரண்டிச் சல்லடையாக்கும். காலை நேரத்தில் இவை மந்தமாக இருக்கும், கையாலேயே பிடிக்கலாம்.

நோய்களுள் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், தேமல் நோய் ஆகியன முக்கியமானவை. தேமலுக்கு மருந்தில்லை, நோயுற்ற கொடியை அகற்றி, நோயைப் பரப்பும் அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதே வழி. சாம்பல் நோய்க்கு மற்றப் பயிர்களில் தூவப்படும் கந்தகத் தூளைப் புடலைக்குத் தூவலாகாது. கந்தகத் தூளும் செம்பு மருந்துகளும் இக்குடும்பத்துக் கொடிகளின் இலையைக் கருகச் செய்பவை. எந்த மருந்தாயினும், பூச்சிக்கொல்லி தெளித்தே ஆகவேண்டிய நிலையில், தேனீக்களை எண்ணி மாலையில் தெளிக்கவேண்டும் என்ற பொதுவிதி புடலைக்கு அப்படியே பொருந்தாது. பூக்கள் வாடிய பின்னரான முற்பகலில், பூக்களின் மேல் படாதவாறு தெளிப்பது இதற்கு ஏற்றது. அருகில் பூசணி, வெள்ளரி பூத்திருப்பின் அவற்றின் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அறுவடையும் விதையும்

விதைத்த 80 நாட்கள் அளவில் அறுவடை தொடங்கும். பின்னர் வாரம் ஒருமுறையாக ஆறு முதல் எட்டு முறை காய் பறிக்கலாம். எக்டேருக்கு 18 டன் அளவில் விளைச்சல் கிடைக்கும். காயை நீளம் பார்த்துப் பறிப்பதை விட இளமை பார்த்துப் பறிப்பதே சரி. தோலில் நகம் எளிதாக இறங்கவேண்டும். உள்ளே விதை கடினப்பட்டிருக்கக் கூடாது. முற்றிய காயைக் கொடியில் விட்டுவைத்தால் கொடியின் ஆற்றல் விதைக்குச் சென்று, புதிய பிஞ்சுகள் குறையும்.

விதைக்கு விடும் காயை முன்னரே திட்டமிடவேண்டும். சான்று பெற்ற விதை உற்பத்தியில் மற்றப் புடலை வயல்களிலிருந்து 500 மீட்டர் இடைவெளியும், ஆதார விதைக்கு 1000 மீட்டர் இடைவெளியும் வேண்டப்படுகின்றன. வீட்டுத் தோட்டத்தில் இது இயலாது. அதற்கு மாற்றாக, மாலையில் விரியவிருக்கும் ஒரு பெண் மொட்டையும் ஓர் ஆண் மொட்டையும் பொழுது சாயும் முன் மெல்லிய துணிப்பையால் தனித்தனியே மூடிவைக்கவேண்டும். இரவில் பூ விரிந்தபின் பைகளை நீக்கிக் கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மீண்டும் மூடி, காம்பில் நிறநூல் ஒன்றைக் கட்டி அடையாளமிடலாம். இரண்டு நாட்களில் பையை எடுத்துவிடலாம். இவ்வாறு பெற்ற காயில் அந்துப்பூச்சி கொணர்ந்த மகரந்தம் கலந்திராது. வேலியிலுள்ள பேய்ப்புடலைப் பூக்கும் முன் வெட்டிவிடுவதும் உதவும். ஆனால் அந்துப்பூச்சிகள் நெடுந்தொலைவு பறப்பவை என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கலப்பின வகையின் காயிலிருந்து எடுத்த விதை, மூடி வைத்துச் சேர்த்தாலும், தாய்க்கொடியை ஒத்த கொடிகளைத் தராது.

காய் முழுதும் செம்மஞ்சளாகி மென்மையானதும் பறித்து, விதைகளைச் சிவந்த கூழிலிருந்து பிரித்துக் கழுவி, நிழலில் உலர்த்தவேண்டும். நீரில் மிதக்கும் விதைகள் பெரும்பாலும் பதர், அவற்றை நீக்கிவிடலாம்.

பயன்பாடு

புடலங்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். 100 கிராமில் 18 கலோரி அளவே ஆற்றல் உண்டு. சமைக்கும் முன் மேலுள்ள வெண்பூச்சைச் சுரண்டி, நீளவாக்கில் பிளந்து, விதைப்பகுதியை நீக்குவர். பாசிப்பருப்பு அல்லது கடலைப்பருப்புடன் கூட்டு, தேங்காய்த் துருவலுடன் பொரியல் ஆகியன தமிழ்நாட்டில் பரவலானவை. இலங்கைத் தமிழர் இதனைத் தேங்காய்ப்பால் சேர்த்த வெள்ளைக் கறியாகவும் சமைப்பர். நீக்கிய இளம் விதைப்பகுதியை வீணாக்காமல் வதக்கித் துவையலாக அரைப்பதும் உண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக நைசீரியாவில், இக்கொடியின் பயன் முற்றிலும் வேறானது. அங்கு இதன் பெயர் 'பாம்புத் தக்காளி' எனப் பொருள்படும். காயை இளமையில் பறிக்காமல் கொடியிலேயே பழுக்கவிட்டு, உள்ளிருக்கும் சிவந்த கூழைத் தக்காளிக்கு மாற்றாகக் குழம்பில் சேர்க்கின்றனர். விதைகள் அக்கூழிலிருந்தே அடுத்த பருவத்திற்குப் பிரித்தெடுக்கப்படுகின்றன.